பதினேழாம் நம்பர் பெட்டி

நான் கோபக்காரன். பேகம்பூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வந்தவர்களையே திட்டி அனுப்பியிருக்கிறேன், அவர்களும் மறுநாள் திரும்பி வந்திருக்கிறார்கள். பயம் என்றால் என்னவென்று ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. வீட்டுச் சாமான்களைக் கப்பலில் அனுப்பும் ஒரு கம்பெனியிலிருந்து என் செல்போனுக்கு வந்த செய்திகள்தான் அதைத் தெரியவைத்தன. இருபத்தாறு நாள் தெரியவைத்தன.

எங்கள் ஒரே மகளுக்குத் துபாயில் ஓர் ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் வெளிநாட்டு வேலைக்குப் போன முதல் பெண் அவள். மருமகன் கோயம்புத்தூரில் தன் வேலையை முடித்துக்கொண்டு இரண்டு மாதம் கழித்துப் போவதாக ஏற்பாடு. அவள் முதலில் விமானத்தில் போய்விட்டாள். எங்கள் வீட்டு மாடியில் அவர்கள் குடித்தனம் செய்த சாமான்களை அனுப்ப அவளே ஒரு கம்பெனியைப் பிடித்தாள். ஒரு நாட்டில் இருக்கிற வீட்டை அப்படியே பெயர்த்து இன்னொரு நாட்டில் கொண்டுபோய் வைக்கிற கம்பெனி. காகிதம் எல்லாவற்றிலும் அவள் பெயர்தான். இங்கே கூட நின்று ஏற்றிவிடவும் கையெழுத்துப் போடவும் நான்.

"அத்தா, சாப்பாட்டுச் சாமான் ஒண்ணும் வைக்கக் கூடாதாம். மிளகாப்பொடி கூட வேணாம். இங்க எல்லாம் கிடைக்குது" என்று முதல் நாளே போனில் சொன்னாள். சரிம்மா என்றேன். நான் சரி என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு லாரியும் நாலு ஆட்களும் வந்தார்கள். அவர்களுக்கு மேற்பார்வையாக ஒருவர், நோட்டும் பேனாவுமாக. பெட்டிக்கு ஒரு நம்பர் போட்டு உள்ளே இருப்பதை எழுதிக்கொண்டே வந்தார். நல்ல மனிதர். பதினேழாம் நம்பர் பெட்டி அடுப்படிப் பாத்திரங்கள். குக்கர், இட்லிச் சட்டி, கல்யாணத்துக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்த பிரியாணித் தேக்சா.

எங்கள் வீட்டில் பாத்திரத்தை வெறுமனே வெளியே அனுப்புகிற வழக்கம் கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வந்த தூக்குவாளியைக் கூட இரண்டு சிறுமலைப் பழமாவது போட்டுத்தான் திருப்பிக் கொடுப்போம். இது புதுக் குடித்தனத்துக்குப் போகிற பாத்திரம். என் மனைவி ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி அரிசியும், ஒரு பொட்டலம் உப்பும், மஞ்சள் துண்டும் போட்டு வைத்திருந்தாள். அந்த மனிதர் மூடியைத் திறந்து பார்த்தார்.

"இதெல்லாம் எடுத்துருங்க பாய். அரிசி, மசாலா, வெதை ஒண்ணும் போகக் கூடாது. அங்க போயி புள்ளைக்குத்தான் சிரமம்."

என் மனைவி எல்லாவற்றையும் முறத்தில் கொட்டிக்கொண்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. முப்பது வருடமாக மசாலாச் சாமான் விற்கிறவன் மகள் வீட்டுக்கு வெறும் சட்டியா போகும்? மேற்பார்வைக்காரர் கட்டில் இறக்குவதைப் பார்க்கக் கீழே போன நேரத்தில் நானும் கீழே கடைக்குப் போனேன். கனமில்லாதது, பூச்சி விழாதது, விலையும் மதிப்பும் உள்ளது எதுவென்று யோசித்தேன். யோசித்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். கால் கிலோ கசகசாவை மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் கொட்டி, ஒரு துண்டில் சுற்றி, தேக்சாவுக்குள் வைத்து மூடினேன். அவர் திரும்பி வந்து, ஏற்கெனவே பார்த்த பெட்டிதானே என்று டேப் ஒட்டிவிட்டார். சாப்பாட்டுப் பொருளோ விதையோ மருந்தோ உள்ளே இல்லை என்று அச்சடித்த வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். படித்துவிட்டுத்தான் போட்டேன். மனைவியிடம் கூடச் சொல்லவில்லை. மகள் பெட்டியைப் பிரித்து, தேக்சாவைத் திறந்து, அத்தா என்று சிரிப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் ஒரு வாரம் கம்பெனியின் செய்திகள் எனக்குப் பெரிய பொழுதுபோக்கு. சாமான் கிடங்குக்கு வந்துவிட்டது, எடை போட்டாயிற்று, கண்டெய்னரில் ஏற்றியாயிற்று என்று இங்கிலீஷில் வரும். நான் தமிழில் மாற்றிக் கடைக்கு வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுவேன். கம்பெனி ஒரு செய்தி மடலும் அனுப்பும். புதிதாக எந்த ஊரில் கிளை திறந்தார்கள், எந்தத் துறைமுகத்தில் நெரிசல் என்றெல்லாம் இருக்கும். எட்டாம் நாள் காலையில் வந்த மடலில், எந்த நாட்டுக்கு எதை அனுப்பக் கூடாது என்று ஒரு பட்டியல். துபாய்க்கு நேரே ஒரு சின்னக் கரண்டியின் படம். கரண்டியில் வெள்ளை வெள்ளையாகக் கசகசா. அங்கே அது போதைப்பொருள் கணக்கில் சேரும், கொஞ்சமாக இருந்தாலும் கைது செய்வார்கள், சிறை உண்டு, தெரியாமல் கொண்டுவந்தேன் என்று சொன்னால் எடுபடாது என்று எழுதியிருந்தது.

எதிரே நின்ற அம்மா உளுந்து கேட்டார். எவ்வளவு என்று நான் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் சொன்னார், மூன்று தடவையும் காதில் விழவில்லை. தேங்காயோடு அரைத்துக் குருமாவில் ஊற்றுகிற பொருள் அது. தூக்கம் வராதவர்கள் பாலில் கலந்து குடிக்கிற பொருள். அதற்காக என் மகளைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று அந்தச் சின்னக் கரண்டி சொல்லிக்கொண்டிருந்தது.

கம்பெனிக்குப் போன் போட்டேன். பேசுவது பதிவு செய்யப்படும் என்று முதலில் ஒரு குரல் சொன்னது. அதைக் கேட்டதும் சொல்ல நினைத்ததை விழுங்கிவிட்டேன். பிறகு ஒரு பெண் பேசினார்.

"கண்டெய்னர் சீல் வச்சாச்சு சார். நாளைக்கு மத்தியானம் கப்பல்."

"ஒரே ஒரு பெட்டிய மட்டும் தொறக்கணும்மா. பீரோச் சாவி உள்ள மாட்டிக்கிருச்சு. வேணும்னா நான் லெட்டர் எழுதித் தாரேன்."

"உங்க லெட்டர் செல்லாது சார், சாமான் மேடம் பேர்ல இருக்கு. அவங்க ஒரு மெயில் போட்டாங்கன்னா நிறுத்தி வச்சு அடுத்த கப்பல்ல ஏத்தலாம். இன்னைக்கு ஆறு மணிக்குள்ள போடச் சொல்லுங்க."

அப்போது மணி பதினொன்று. ஏழு மணி நேரம் கையில் இருந்தது. மகளின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் தப்புப் பண்ணிவிட்டேன் என்று அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அவளிடம் என்ன, யாரிடமும் சொன்னதில்லை. அது வாயில் வரவில்லை. ஒரு டப்பா, அவ்வளவு சாமானுக்கு நடுவில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு மணிக்கு அவளே கூப்பிட்டாள். தங்கியிருக்கிற அறை பற்றி, கூட வேலை பார்க்கிற பெண் பற்றி நிறையப் பேசினாள். சாப்டியா என்று கேட்டேன். வெயில் எப்படி என்று கேட்டேன். வைத்துவிட்டேன். ஆறு மணி ஆனது.

மறுநாள் மத்தியானம் கப்பலின் படத்தோடு செய்தி வந்தது: புறப்பட்டாயிற்று.

அதற்குப் பிறகு செல்போன் சிணுங்கினாலே எனக்கு உடம்பு விறைக்கும். எடுத்துப் பார்த்தால் கேஸ் புக்கிங்காக இருக்கும். ஒரு பொட்டலம் கசகசாவோடு விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள், மாதக் கணக்கில் உள்ளே இருந்தவர்கள் என்று வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். பார்க்காதே என்று சொல்லிக்கொண்டே பார்த்தேன். கடையில் கசகசா ஜாடியைக் கண்ணில் படாத இடத்தில் பின்னால் தள்ளி வைத்தேன். யாராவது கேட்டால் இல்லை என்றேன். தொழுகையில் அவள் பெயரைச் சொல்லிக் கேட்பேன், கேட்கும்போதே எனக்கு வெட்கமாக இருக்கும், ஏனென்றால் அல்லாவிடம் கேட்டதை நான் அவளிடம் ஒரு போன் போட்டு முடித்திருக்கலாம்.

"சக்கரை கூடிருச்சோ என்னமோ, ராத்திரிக்கு நாலு தடவ எந்திரிக்கிறீங்க. ஒரு தடவ டெஸ்ட் எடுத்துப் பாருங்க" என்றாள் மனைவி. அவளிடம் எரிந்து விழுந்தேன்.

நடுவில் ஒரு செய்தி வந்தது. கொழும்பில் வேறு கப்பலுக்கு மாற்ற வேண்டும், அந்தக் கப்பலில் இடமில்லை, நாலு நாள் தாமதம். மற்ற வாடிக்கையாளர்கள் கோபப்பட்டிருப்பார்கள். எனக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது. கொழும்பிலேயே கிடக்கட்டும், தொலைந்தே போகட்டும், கப்பல் முழுகினாலும் முழுகட்டும் என்று நினைத்தேன். கப்பலில் ஆட்கள் இருப்பார்கள் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. இப்படி ஓர் ஆளாக நான் ஆகியிருந்தேன்.

கப்பல் போய்ச் சேர்ந்தது. இரண்டு நாள் செய்தி இல்லை. மூன்றாம் நாள் பத்தரை மணிக்கு வந்தது. உங்கள் சாமான் நேரடிச் சோதனைக்குத் தேர்வாகியிருக்கிறது, உரிமையாளர் பாஸ்போர்ட்டோடு நாளைக் காலை பத்து மணிக்கு வர வேண்டும். நான் அதை இரண்டாம் தடவை படிப்பதற்குள் மகள் கூப்பிட்டாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"அத்தா, சாமான் வந்திருச்சு. செக் பண்ண என்னைய வரச் சொல்லிருக்காங்க. நாளைக்கு லீவு போட்டுட்டுப் போறேன்."

"போகாத."

"என்னத்தா?"

சொல்லிவிட்டேன். மனைவி கல்லாப் பக்கத்தில் டீயோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் அப்போதுதான் தெரியும். டீயை அப்படியே மேசையில் வைத்துவிட்டு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். போனில் மகள்தான் முதலில் கேட்டாள்.

"எம்புட்டு இருக்கும்?"

"கால் கிலோ."

"எந்தப் பெட்டி?"

"பதினேழு."

"இங்க சேந்த அன்னிக்கே கூட வேலை பாக்குறவங்க சொன்னாங்கத்தா. ஒரு பாக்கெட் மசாலால கூட இது இருக்கக் கூடாதுன்னு." அவள் இப்படிப் பயந்து பேசி நான் கேட்டதே இல்லை.

"என் கையெழுத்துதானம்மா இருக்கு. நான்தான் வச்சேன்னு சொல்லு. நான் கிளம்பி வாரேன்."

"எப்படி வருவீங்க? உங்களுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாதே அத்தா."

அன்றைக்குச் சாயங்காலம் அந்தக் கம்பெனியின் அங்குள்ள ஆளிடம் அவள் பேசினாள். அவர் மலையாளி. பெட்டியைத் திறக்கும் முன்னால் நீயாகவே சொல்லிவிடு, அவர்களாகக் கண்டெடுத்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது, சொன்னாலும் விடுவார்கள் என்று உறுதி கொடுக்க மாட்டேன் என்றாராம்.

மறுநாள் நான் கடையைத் திறக்கவில்லை. அங்கே பத்து என்றால் இங்கே பதினொன்றரை. பதினொன்றரைக்கு அவள் போன் அணைந்தது. ஒரு மணிக்கு அணைந்திருந்தது. இரண்டரைக்கும் அணைந்திருந்தது. மனைவி பாயில் உட்கார்ந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தாள், என் பக்கம் திரும்பவே இல்லை. மருமகன் கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறிவிட்டதாகச் சொன்னார். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியாத பாஷை பேசுகிற அதிகாரிகளுக்கு நடுவில் ஒரு மேசை, மேசைமேல் என் கடை டப்பா, அதன் முன்னால் அவள். வேறெதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

நாலேகாலுக்குப் போன் வந்தது. மனைவி கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"வெளிய வந்துட்டேன் அத்தா."

டப்பாவை எடுத்து எடை போட்டார்களாம். ஓர் அறையில் தனியாக மூன்று மணி நேரம் உட்காரவைத்தார்களாம். பெரிய அதிகாரி வந்து, தானாகச் சொன்னதால் இந்த ஒரு தடவை விடுகிறோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு, பாஸ்போர்ட் நம்பரைக் குறித்துக்கொண்டு அனுப்பினாராம். ஆஸ்பத்திரிக்கும் ஒரு கடிதம் போகுமாம். வேலைக்கு அதனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. இதையெல்லாம் ரத்தப் பரிசோதனை முடிவை வாசிக்கிற மாதிரி வரிசையாகச் சொன்னாள்.

"யார் வச்சதுன்னு கேட்டாங்க. நான்தான்னு சொன்னேன்."

"ஏம்மா? என் பேரச் சொல்லியிருக்கலாம்ல."

"சாமான் என் பேர்லதான இருக்கு."

மனைவி ஓதுவதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தா, ஒண்ணு கேக்குறேன். இது கூடாதுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

நேற்றுத்தான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். நம்பாவிட்டாலும் விட்டிருப்பாள்.

"கப்பல் கிளம்புறதுக்கு மொத நாளு."

"அன்னிக்கு நிறுத்தியிருக்க முடியுமா?"

"நீ ஒரு மெயில் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்னு சொன்னாங்க."

"அன்னிக்கு நான் போன் பண்ணேன்ல?"

"ஆமா."

பிறகு அவள், "அம்மாட்ட குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். மனைவி போனை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவளுக்கு ஸ்பீக்கரை அணைக்கத் தெரியாது. என்னிடம் அத்தனையையும் நிதானமாகச் சொன்ன மகள், அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுவது கூடம் வரைக்கும் கேட்டது. எழுந்து உள்ளே போகலாம் என்று நினைத்தேன். பயமாக இருந்தது. போகவில்லை.