ரிம்மா லவோவ்னாவின் ஒற்றை ஓட்டு

உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். மேலே மின்கம்பியைத் தொட்டு ஓடும் டிராலிபஸ் திருப்பத்தில் குலுங்கும்போது ஒரு கையால் கம்பியையும் மறு கையால் பச்சைத் தொப்பியையும் பிடித்துக்கொண்டு, வெண்ணெய் விலை ஏன் ஏறியது என்று பின்சீட்டு வரை கேட்கும்படி சொல்லிக்கொண்டிருப்பார் ரிம்மா லவோவ்னா. "அதெல்லாம் இருக்கட்டும்மா, எப்ப எறங்கும்?" என்று யாராவது கேட்டால், "நான் எறங்குறதுக்குள்ள எறங்காது" என்பார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

ரஷ்யாவில் வோல்கா ஆற்றங்கரையிலுள்ள எங்கள் ஊர்க் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவர். அப்போது சோவியத் ஆட்சியின் கடைசிக் காலம்; சர்க்கரைக்குத் தெருமுனை வரை வரிசை. சர்க்கரை எங்கே போயிற்று என்று வரிசையில் நின்றபடியே அவர் விளக்க, முன்னால் நின்ற ஆலைத் தொழிலாளி யெஃபீம் திரும்பினார். "இத எங்ககிட்ட சொல்லி என்னம்மா பிரயோசனம்? மாஸ்கோவுல போய்ச் சொல்லுங்க." சொன்னதோடு நிற்காமல், ரிம்மா தேர்தலில் நின்றபோது அவருக்காக வீடு வீடாகப் படியேறினார்.

ரிம்மா வென்றார். நாடாளுமன்றம் போனார், துணை அமைச்சரும் ஆனார். விலை ஏறாது என்று தொலைக்காட்சியில் சொல்லச் சொன்னார்கள். இவர் காமிராவை நேராகப் பார்த்து, "ஏறும். மொதல்ல ஏறத்தான் செய்யும். இப்ப பொய் சொல்லிட்டு அப்புறம் ஒங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றார். பதவி போயிற்று. ஊர் திரும்பி ரயிலை விட்டு இறங்கியவரை யெஃபீம்தான் உப்பிலிட்ட வெள்ளரி ஜாடியோடு வரவேற்றார்.

அதன் பிறகு ரிம்மாவின் தாராளவாதக் கட்சி தேர்தலுக்குத் தேர்தல் இளைத்தது. இன்று நகர மன்றத்தில் தாராளவாதிகள் என்றால் அவர் ஒருவர்தான். "எங்க கட்சியில கோஷ்டிச் சண்டையே கெடையாது" என்று பெருமைப்பட்டுக்கொள்வார்.

போன குளிர்காலத்தில், ஆற்றுக்கு அப்பாலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போகும் டிராலிபஸ் தடத்தை நிறுத்தத் தீர்மானம் வந்தது. பத்திரிகையாளர் வரிசையில் நான் இருந்தேன். ரிம்மா எழுந்ததும் மன்றத் தலைவர் மைக்கை அணைத்தார். வகுப்பறையில் தேறிய குரலுக்கு மைக் எதற்கு?

"நட்டத்துல ஓடுதுங்கறீங்க. சரி, நிறுத்துங்க. பனியில பாலத்த நடந்து தாண்டி நர்ஸுங்க வரட்டும். வர முடியாத அன்னிக்கு ஒங்களுக்கு யாரு ஊசி போடுவா? நானா? எனக்கு ஊசின்னாலே பயம்!"

தலைவர்கூடச் சிரித்துவிட்டார். ஆனாலும் வாக்கெடுப்புக்குப் போனார். தீர்மானம் அன்று தோற்றது, தடம் இன்றும் ஓடுகிறது. அந்தத் தோல்வி தொடங்கிய இடத்தை நான் கண்ணால் பார்த்தேன்.

"எதிர்க்கிறவங்க?"

ரிம்மாவின் கை வழக்கம்போலத் தனியாக உயர்ந்தது. பக்கத்து இருக்கையில் ஆளுங்கட்சி உறுப்பினர் வலேரியன், பழைய ஹாக்கி வீரர். தலைவரின் முகத்தைப் பார்த்தே வாக்களித்துப் பழகியவர். அவருடைய மகள் அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் கை மெல்லக் கிளம்பிக் காது வரை வந்து நின்றுவிட்டது.

"என்ன வலேரியன், காது அரிக்குதா?" என்றார் தலைவர். மன்றம் சிரித்தது. அந்தப் பெரிய உடம்புக்காரரின் முகம் பீட்ரூட்டாகிவிட்டது.

ரிம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. உயர்த்திய கையை இறக்காமல், மற்றொரு கையை அவருடைய முழங்கைக்கு அடியில் கொடுத்து, மெதுவாக மேலே தள்ளினார்.