என் செருப்புத் தடத்தில் ஒரு முட்டை

“கண்ணுக்குத் தெரியாதது கேமராவுல தெரிஞ்சிடுமாக்கும்?” முதல் சம்பளத்தில் நான் கேமரா வாங்கியபோது அப்பா கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். எந்தக் கரைப்பறவையைக் காட்டினாலும் பெயர் சொல்லிவிடுவேன் என்ற கர்வமும் எனக்கு உண்டு.

போன வாரம் கோடியக்கரை உப்பளத்துக்குப் பக்கத்தில் உப்புக்கொத்தி என்ற சின்னக் கரைப்பறவை ஒன்று, ஒரு சிறகை இழுத்துக்கொண்டு தரையில் தத்தியது. அடிபட்டிருக்கிறது, பிடித்து வைத்தியம் பார்க்கலாம் என்று வரப்பிலிருந்து இறங்கி, படமெடுத்தபடியே துரத்தினேன். நெருங்கியதும் அது நன்றாகவே பறந்து போனது.

படங்களைப் பார்த்த தோழி மலர்விழி உடனே போன் செய்தாள். “அது நடிக்குதுடி. முட்டைகிட்ட ஆள் வந்தா அப்படித்தான் வேற பக்கம் இழுத்துக்கிட்டுப் போவும். நீ எங்க கால வச்ச?”

முதல் படத்தைப் பெரிதாக்கினேன். பறவைக்கும் எனக்கும் நடுவில், மண்ணின் நிறத்திலேயே மூன்று முட்டைகள். நான் ஓடிய வழி அதுதான்.

மறுநாள் காலை அப்பாவுடன் போய், வரப்பில் நின்றபடியே கேமராவில் பார்த்தேன். என் செருப்புத் தடத்தில் ஒரு முட்டை நசுங்கிக் கிடந்தது. பக்கத்திலேயே, மிச்ச முட்டைகளின் மேல் பறவை உட்கார்ந்திருந்தது. கேமராவை அப்பாவிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “தெரியுது” என்று மட்டும் சொன்னார்.

இவை முட்டையிடும் கோடையில் இனி நான் வரப்பை விட்டு இறங்குவதில்லை. அந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டச் சொல்லி வனத்துறைக்கு மனு எழுதினேன். முட்டையை மிதித்தது நான்தான் என்று அதிலேயே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.