இந்தப் போனிலிருந்து அந்தப் போனுக்கு

செல்போன் கடைக்காரனுக்குப் போனை விற்பது பாதி வேலைதான். பழைய போனில் வாழ்ந்த மனுஷனைப் புதுப் போனில் குடியேற்றுவது மீதி வேலை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பதினொரு வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறவர்கள், போன வேகத்தில் திரும்பி வருகிறவர்கள், எதற்குப் போனோம் என்றே மறந்துபோனவர்கள் எல்லாரும் என் கடைப் படியைத்தான் தேய்க்கிறார்கள். நீங்களும் ஒருமுறையாவது போன் மாற்றி, பாஸ்வேர்டை மறந்து, பாதி நம்பரைத் தொலைத்து, வீட்டில் திட்டு வாங்கியிருப்பீர்கள். அதனால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

மாறுவதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கேமரா என்பார்கள், பாதுகாப்பு என்பார்கள். உண்மையான காரணம் கிளம்புகிற நேரத்தில்தான் வாயிலிருந்து வரும்.

போட்டோ வராதவன்

பக்கத்து பேக்கரியில் வேலை செய்யும் விக்னேஷ் நல்ல ஆண்ட்ராய்டு வைத்திருந்தான். வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதைக் கொடுத்துவிட்டு ஐபோன் வேண்டும் என்று வந்து நின்றான். கேமராவுக்காகவா என்றேன், இல்லை. கேம் விளையாடவா என்றேன், அதுவும் இல்லை. அவனுடைய சேக்காளிகள் நாலு பேரும் ஐபோனுக்கு மாறிவிட்டார்களாம். எங்கேயாவது சுற்றிவிட்டு வந்தால் போனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நொடியில் போட்டோக்களை மாற்றிக்கொள்கிறார்கள். இவன் கேட்டால் "உனக்கு அப்புறம் அனுப்பறேன் மச்சான்" என்கிறார்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை.

எனக்குப் பாவமாகிவிட்டது. செகண்ட் ஹேண்டில் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து பேக்கரிக்கு டீ குடிக்கப் போனபோது, இப்போதாவது போட்டோ வருகிறதா என்று விசாரித்தேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னான்: "எல்லாம் வந்துட்சிண்ணா. பத்து போட்டோவுல ஒம்போதுல நான் கண்ண மூடிக்கினு கீறேன்."

அம்மாவுக்கு ஒன்று

பெருநகர் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து சாமுவேல் தன் அம்மாவை பைக்கில் உட்கார வைத்துக் கூட்டி வந்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் அவனுக்கு வேலை. ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருகிறவன். அவன் சட்டைப் பையில் இருந்தது சாதாரண ஆண்ட்ராய்டு. ஆனால் அம்மாவுக்கு ஐபோன்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

அம்மா எஸ்தர், நடவுக்கும் களையெடுப்புக்கும் ஊர்ப் பெண்களைத் திரட்டிக் கூட்டிப்போகிற மேஸ்திரி. எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் அவர் போனில் ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு படம் இருந்தது. டிராக்டர்காரருக்கு டிராக்டர், பால்காரருக்கு எருமை, கழனிக்காரர் தேவராஜனுக்கு அவருடைய மோட்டார் கொட்டகை. என் கடையில் ஐந்து வருடமாக வேலை பார்க்கும் ஜரினா, படம் ஒன்று விடாமல் புதுப் போனுக்கு ஏற்றிக் கொடுத்தாள். பழைய ஆண்ட்ராய்டை நான் எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு, கையோடு உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து ஷோகேஸில் வைத்தேன். நம்பர் வந்துவிட்டது, படம் வந்துவிட்டது, வேறு என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எஸ்தரம்மா புதுப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கீழே போட்டுவிடுவோமோ என்று பயந்தபடி உட்கார்ந்திருந்தார். உன்னிடமே இது இல்லையே, அம்மாவுக்கு எதற்கப்பா என்று சாமுவேலைக் கேட்டேன். அவன் அம்மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எங்க லைன்ல நாள் பூரா போன் போய்க்கினே கீதுண்ணா. ஒண்ணு கூட எங்க வூட்டுக்கு வந்தது இல்ல."

அந்தப் பேச்சு எங்கே?

பத்து நாள் கழித்து எஸ்தரம்மா தனியாக வந்தார். கணுக்காலில் சேறு காய்ந்திருந்தது. "எங்க நைனா அந்தப் பேச்சு?" என்றார். முதலில் எனக்குப் புரியவில்லை. அவருடைய பழைய போன், பேசுகிற பேச்சையெல்லாம் தானாகவே பதிவு செய்து வைத்துக்கொள்ளும் ரகம். யார் எத்தனை ஆள் கேட்டார், வண்டி உண்டா, எத்தனை மணிக்கு வேலை முடித்துக் கரையேறலாம் என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. படிக்கத் தெரியாதவருக்கு அதுவே நோட்டுப் புத்தகம். நான் அழித்தது அதைத்தான். புதுப் போன் தானாக எதையும் பதிவு செய்யாது.

தேவராஜன் போனில் ஒன்று சொல்வார், வரப்பில் ஒன்று சொல்வார். பதினாலு பேர் போதும், லோடு ஆட்டோ அனுப்புகிறேன், ரெண்டு மணிக்குக் கரையேறிவிடலாம் என்பார். வேலை முடிகிற நேரத்தில் "வண்டின்னு நான் எப்ப சொன்னேன்?" என்பார். முன்பெல்லாம் எஸ்தரம்மா போனை எடுத்து அவர் பேச்சையே போட்டுக் காட்டுவார். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஆட்டோக்காரரைக் கூப்பிடுவார். இந்த முறை போட்டுக் காட்ட ஒன்றும் இல்லை. பெண்கள் நாலு மணி வரை நட்டுவிட்டு, ஐந்து கிலோமீட்டர் நடந்தே வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். மறுநாள் ஆறு பேர் வரவில்லை. இன்னொரு முறை இப்படி நடந்தால் மீதிப் பேரும் வேறு மேஸ்திரியோடு போய்விடுவார்கள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு ஆண்ட்ராய்டு தருகிறேன் என்றேன். பிள்ளை ஆசையாக வாங்கிக் கொடுத்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று மறுத்துவிட்டார். சுத்தமாக இருந்த ஷோகேஸ் கண்ணாடியை மறுபடியும் துடைத்தேன். அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. படியிறங்கும்போது நின்று கேட்டார்: "அவரு சொன்னத்த நான் சொன்னேன். அவரு இல்லன்னுட்டா, பொய்க்காரி நான்தான நைனா?"

திரும்பி வர ஒரு வழி

அதே வாரம் ஒரு தலைமை ஆசிரியை வந்தார். மகள் வாங்கிக் கொடுத்த ஐபோனுக்கு மாறிப் பதினைந்து நாள். பழைய போனில் கீழ் ஓரத்தில் பின்னால் போவதற்கு ஒரு குறி இருந்ததாம், இதில் அதைக் காணோமாம். எதையாவது தப்பாகத் தொட்டுவிட்டால், எல்லாவற்றையும் மூடிவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறாராம். ஓரத்திலிருந்து விரலால் மெல்லத் தள்ளினால் போதும் என்று காட்டினேன். மூன்றாவது முயற்சியில் அவருக்கும் வந்துவிட்டது. ஆனாலும் திருப்தி இல்லை. எஸ்தரம்மாவின் போனை அழித்துவிட்டுத் தூக்கம் கெட்டிருந்த என்னிடம் போய், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அவர் கேட்டார்: "தப்பு பண்ணா திரும்பி வர வழியைக் கண்ணுக்குத் தெரியற மாதிரி வைக்க வேணாமா சார்?"

ட்ரங்குப் பெட்டி

வழி சொன்னவள் ஜரினாதான். ஷோகேஸில் விற்காமல் கிடந்த அதே பழைய போனை எஸ்தரம்மாவிடம் திருப்பிக் கொடுத்தோம். கழனிக்குப் பழைய போன், ஞாயிற்றுக்கிழமைக்குப் புதுப் போன். சனிக்கிழமை சாயந்திரம் சிம்மை எடுத்து மாற்றிப் போடுவதற்கு ஜரினா பழக்கிவிட்டாள். பிள்ளைக்கும் சந்தோஷம், வேலைக்கும் பழுதில்லை என்று நாங்கள் இரண்டு பேரும் எங்கள் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டோம்.

மூன்று வாரம் ஓடியது. நாலாவது வாரம் புதன்கிழமை சாமுவேலுக்கு லீவு கிடைத்து, சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டான். அம்மா கழனிக்குப் போயிருந்தார். ஏதோ சர்டிபிகேட் தேட ட்ரங்குப் பெட்டியைத் திறந்தால், புதுப் புடவைகளுக்கு நடுவில், வாங்கிய டப்பாவுக்குள்ளேயே ஐபோன். அதை எடுத்துக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தான். "நான் குடுத்தது அம்மாக்கு ஆவலியாண்ணா?" என்று கேட்டான். நான் அழித்ததில் தொடங்கி, பெண்கள் நடந்து போனது வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன்.

டப்பாவைத் திறந்து போனை வெளியே எடுத்தான். பிறகு, "இதுலயும்தான் ரெக்கார்டு வந்துட்சே, அத்த ஏன் சொல்லல?" என்றான். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் இந்தப் போனில் அந்தப் பொத்தானைத் தொட்டதும், பேச்சு பதிவாகிறது என்று ஒரு பெண் குரல் இரண்டு பக்கமும் கேட்கிற மாதிரி அறிவித்துவிடும். எதிராளிக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் எதற்கு என்று, அதைக் கேட்டவர்கள் எல்லாரும் ஆண்ட்ராய்டுக்கே ஓடியிருக்கிறார்கள். அதனால் அதை ஒரு வசதியாகவே நான் கணக்கில் எடுக்கவில்லை. இதைச் சொன்னதும் சாமுவேல் என்னை ஏற இறங்கப் பார்த்தான்: "எங்கம்மா இன்னா திருட்டுத்தனமாவா பேசுது, மறைக்கறதுக்கு?"

கூட ஒருத்தி

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அம்மாவும் பிள்ளையும் ஒன்றாக வந்தார்கள். வழியிலேயே பேசித் தீர்த்துக்கொண்டார்கள் போலிருக்கிறது, இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. சாமுவேல் பொத்தானைக் காட்டிக் கொடுத்தான். எஸ்தரம்மா மோட்டார் கொட்டகைப் படத்தைத் தொட்டார். ஸ்பீக்கரில் தேவராஜன் குரல் வந்தது: "இன்னா எஸ்தரு, வியாழக்கிழமை ஆளு இட்டுனு வரியா?" எஸ்தரம்மா பொத்தானை அழுத்தினார். ஒரு பெண்மணி இங்கிலீஷில் அறிவித்தாள்.

"யாரு அது?" என்றார் தேவராஜன், கொஞ்சம் கழித்து. "ரெக்கார்டு ஆவுதுங்க அய்யா. எனக்குப் படிக்கத் தெரியாது, மறந்துட்டா போட்டுக் கேட்டுக்கலாம்னு," என்றார் எஸ்தரம்மா. போனை இன்னும் கொஞ்சம் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "ஆளு எத்தினி, வண்டி எத்தினி மணிக்கு, கரையேறது எப்போன்னு சொல்லிடுங்க." தேவராஜன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிதானமாகப் பேசினார். பதினாலு பேர். காலை ஆறு மணிக்கு சர்ச்சாண்ட லோடு ஆட்டோ நிற்கும். ரெண்டு மணிக்குக் கரையேறலாம், திரும்பவும் வண்டி உண்டு. கேட்காமலே, எல்லாருக்கும் டீயும் போண்டாவும் உண்டு என்றார். கடைசியில் "சரிம்மா, வெச்சிடட்டுமா?" என்று அனுமதி வேறு கேட்டார். ஜரினா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

வியாழக்கிழமை வண்டி ஆறு மணிக்கே வந்து நின்றதாம். கரையேறியது சரியாக ரெண்டு மணிக்கு. விலகிப்போன ஆறு பேரும் அடுத்த நடவுக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். பழைய போன் இனிமேல் வேண்டாம் என்று கொடுத்துவிட்டுப் போக எஸ்தரம்மா வந்தார். இந்த முறை நான் கேட்டேன், இதில் உங்களுக்கு வேண்டியது ஏதாவது இருக்கிறதா, அழிக்கலாமா என்று. அழிச்சிக்கோ என்று கையை ஆட்டிவிட்டு, ஐபோனை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்: "இத்தினி நாளா நான் ஒருத்தியே பேசிக்கினு இருந்தேன். இப்ப சாட்சிக்கு ஒரு பொம்பள கூடவே நிக்கிறா நைனா."

ஆகவே, எந்தப் போன் நல்ல போன் என்று இனிமேல் கடைக்கு வந்து என்னைக் கேட்காதீர்கள். உங்களோடு பேசுகிறவர் எந்தப் போனைக் கண்டால் ஒழுங்காகப் பேசுகிறாரோ, அதையே வாங்கிக்கொள்ளுங்கள்.