கட்டில் நம்பர்

நம்பர் என்ற சொல்லை நான் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்ளவில்லை. அங்கே அதற்கு எண் என்று பெயர். மணி அடித்ததும் அதைக் கரும்பலகையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவிடுவோம். நம்பர் வேறு. அது எங்கள் மலேசிய ரப்பர் தோட்டத்தில் எங்களுக்கு முன்பே எழுந்துவிடும். விடியாத இருட்டில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திவைத்துக் கணக்கெழுதும் கிராணி கூப்பிடுவது பெயரை அல்ல, நம்பரைத்தான். அப்பா முப்பத்தேழு. பக்கத்து வீட்டு அக்கா நாற்பத்தொன்று. பால் வாளியை நிறுக்கும்போதும் அப்பா முப்பத்தேழுதான், சம்பள மேசையிலும் முப்பத்தேழுதான். லயத்து வரிசை வீடுகளில் எங்கள் வீடு இருபத்திரண்டு. காய்ச்சல் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரிடம் போனால் மருந்துச் சீட்டில் இன்னொரு நம்பர். அப்பாவின் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் என்று அம்மா வழிச் சொந்தக்காரர்கள் நாலு பேர் இருந்தால் அதிகம்.

பின்னாளில் ஈப்போவில் ஒரு பழைய புத்தகக் கடையில் தடித்த ஆங்கில அகராதி ஒன்று கிடைத்தது. நம்பருக்கு அரைப் பக்கம் பொருள் போட்டிருந்தார்கள். இலக்கம், தொகை, கூட்டம், பத்திரிகையின் ஓர் இதழ், மேடையில் ஆடும் ஓர் ஆட்டம் என்று போய்க்கொண்டே இருந்தது. எங்கள் லயத்துப் பொருள் மட்டும் அதில் இல்லை. எழுதியவர் எங்கள் பக்கம் வந்து பார்த்ததில்லை போலிருக்கிறது.

லயத்தில் ஒருவர் "நம்பர் இருக்கா?" என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சனி, ஞாயிறு லாட்டரிக் குலுக்கலுக்கு நாலு இலக்கம் ஏதாவது கையில் உண்டா என்பது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து வீடு வீடாக எழுதிக்கொண்டு போவான். அவனை நம்பர்க்காரன் என்போம். இலக்கம் எங்கிருந்து வேண்டுமானாலும் வரும். கனவில் பாம்பு வந்தால் அதற்கு என்ன நம்பர் என்று பார்க்கச் சீனர் கடையில் படப் புத்தகம் இருந்தது. மெயின் ரோட்டில் கார் மோதிவிட்டது என்றால், அடிபட்டது யார் என்று கேட்பதற்கு முன் கார் நம்பரைக் கேட்பார்கள். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். ஞாயிறு காலை எங்கள் சின்னக் கோயிலில் பாட்டு நம்பர் பலகையை மாட்டியதும் ஜன்னலுக்கு வெளியே நாலு தலை தெரியும். உபதேசியார் கடுப்பாகி ஒரு வாரம் பலகையைத் திருப்பி மாட்டினார். அன்றைக்குச் சபையில் ஆளுக்கொரு பாட்டுப் பாடினோம்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் அம்மாவிடம் கேட்டார். "ஏன்க்கா, ஒங்க வேதத்துல நம்பருக்குன்னே ஒரு புஸ்தகம் இருக்காமே? எங்க தம்பி இங்கிலீஸ்ல பாத்தானாம்."

"இருக்கு, எண்ணாகமம்னு. அத படிச்சா நம்பர் வராது. புத்தி வரும்" என்றார் அம்மா.

அக்கா கோபப்படவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல மனுஷிதான். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும்.

அப்பா நம்பர் எடுத்ததே இல்லை. "அது நமக்கு வேணாம்லா" என்பதோடு சரி. எடுத்தவர்களைக் குறை சொன்னதும் இல்லை. ஆனால் அந்தச் சனியன் போயும் போயும் அவரைத்தான் தேடி வந்து பிடித்தது.

முதலில் ஒரு லாரி. தோட்ட முச்சந்தியில் அப்பாவின் சைக்கிளை உரசிவிட்டுப் போனது. முழங்கை சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. பார்த்தவர்கள் லாரி நம்பரை எடுத்தார்கள், ஆறுதல் பரிசு அடித்தது. ஓர் ஆள் எங்கள் வீட்டுக்குக் கோழி கொண்டுவந்து கொடுத்தார். அப்பா சிரித்தார், நாங்களும் கோழியைத் தின்றோம். சில மாதம் கழித்துப் பால்மரத்துக் காய்ந்த கிளை ஒன்று முறிந்து அவர் தோளில் விழுந்தது. அவர் பெரட்டு நம்பரையும் வீட்டு நம்பரையும் சேர்த்து மூவாயிரத்து எழுநூற்று இருபத்திரண்டு என்று எடுத்தார்கள். மூன்றாம் பரிசு. அடுத்த வருடம் குளவி கொட்டி ஒரு வாரம் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தார். டிரசர் சீட்டு நம்பருக்கு இரண்டாம் பரிசு. பக்கத்து வீட்டு அக்கா அந்தக் காசில் டிவி வாங்கினார். அப்பாவின் முகம் வீங்கியதில் வந்த டிவியை நாங்களும் போய் வாசலில் உட்கார்ந்து பார்த்தோம். அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார்.

டிவி வந்த வாரம் வெள்ளிக்கிழமை நம்பர்க்காரன் எங்கள் வாசலில் மோட்டாரை நிறுத்தினான். அப்பா படியில் உட்கார்ந்து பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பாத்தீங்களா? சின்னக் காயத்துக்குச் சின்னப் பரிசு. போகப் போகப் பெருசா வருது. இனிமே மொதப் பரிசு ஒண்ணுதாண்ணே பாக்கி" என்றான்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் சிரித்து முடித்த பிறகு ஒருவரும் உடனே நகரவில்லை. எல்லாரும் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பா கத்தியைத் துடைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு லயம் முழுவதும் அப்பாவிடம் அன்பாகிவிட்டது. "அண்ணே, ஒடம்பு எப்படி?", "அண்ணே, மழையா இருக்கு, பாத்துப் போங்க" என்று வழியெல்லாம் விசாரணை. ஒற்றையடிப் பாதையில் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி நின்று அவரை முன்னால் விட்டார்கள். அதே சமயம் தோட்டம் கைமாறப் போகிறது, லயத்தை இடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சும் கிளம்பியது. எங்கே போவது, எந்தக் காசில் வீடு எடுப்பது என்பதுதான் எல்லாருக்கும் கவலை. எங்கள் அம்மாவுக்கும்தான். ஈப்போ பக்கம் சின்னதாக ஒரு கல்வீடு வேண்டும் என்று அவர் படுக்கும்போதெல்லாம் சொல்வார். அப்பா மறுபக்கம் திரும்பிப் படுப்பார்.

ஒருநாள் மரத்தடியில் நாகம் படமெடுத்து நின்றதாகவும் மெல்லப் பின்வாங்கித் தப்பித்ததாகவும் அப்பா வந்து சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடிக்கலையா? சே..." என்றவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "சே, எப்படிப் பயந்திருப்பீங்கண்ணே!"

அவர் போன பிறகு அப்பா அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார். "இவங்க என்னையப் பாக்குற பார்வ சரியில்ல புள்ள." எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஈப்போவில் சட்டை தைக்கும் ஃபேக்டரியில் வேலை. எனக்கு வாய் நீளம் என்று தோட்டமே சொல்லும். அந்தச் 'சே'யைக் கேட்டுவிட்டு அக்காவிடம் நான் ஒரு மாதம் பேசவில்லை. அந்த டிவிப் பக்கமும் போகவில்லை.

அப்பா ஒரு கம்பை வெட்டி எடுத்துக்கொண்டு தரையைத் தட்டித் தட்டி நடக்கத் தொடங்கினார். கள்ளுக்கடைக்குப் போவதை விட்டார். சைக்கிளைத் தொடவில்லை. ஆனால் தோளில் இரண்டு வாளி நிறையப் பாலைத் தூக்கி வருகிறவன் கம்பை எப்படிப் பிடிப்பான்? அவர் வேலைக்காட்டுக்கும் பால் நிறுக்கும் ஸ்டோருக்கும் நடுவே தண்ணீர் வடியும் பெரிய கான் ஒன்று இருந்தது, ஆள் ஆழத்துக்கு. அதன்மேல் இரண்டு பலகை போட்டிருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை அதில் ஒரு பலகை புரண்டது. அப்பா வாளிகளோடு கீழே போய்க் கல்லில் விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்து, விலா நொறுங்கி, உடம்பெல்லாம் பாலும் சேறுமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தோட்டத்து வேனில் பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அக்காவும் அதே பலகை மேல்தான் தினமும் போகிறவர். "வியாழக்கெழமையே ஆடிச்சு. சொல்லணும்னு நெனச்சேன்லா, மறந்துட்டேன்" என்று அழுதார். உண்மையிலேயே மறந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கே தெரியுமா என்பதும் சந்தேகம்தான்.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் கிடைத்த கூட்டம் எந்தத் துரைக்கும் கிடைத்திருக்காது. செவ்வாய், புதன், வியாழன் என்று வேலை முடிந்ததும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஆரஞ்சுப் பழமும் பிஸ்கட்டும் வைக்க இடமில்லை. ஒவ்வொருவரும் கட்டிலருகே வந்து, கையைப் பிடித்து, கண் கலங்கி, பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார்கள். அங்கேதான் வார்டு நம்பரும் கட்டில் நம்பரும் ஒரு தகட்டில் இருந்தன. முதல் நாளே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. தன் துண்டை எடுத்துத் தகட்டின் மேல் போட்டு மூடினார். நர்ஸ் மிஸ்ஸி வந்து எடுக்கச் சொன்னால் எடுப்பார். அவர் அந்தப் பக்கம் போனதும் மறுபடி போடுவார்.

வியாழக்கிழமை அக்கா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "தங்கச்சி, கோவிச்சுக்காத. கட்டில் நம்பர மட்டும் சொல்லு. அடிச்சா ஒங்கப்பா வைத்தியத்துக்கே நாங்க எல்லாம் போட்டுக் குடுக்குறோம்லா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அறைந்திருக்க வேண்டும். அறையவில்லை. "கட்டில் இருபத்தேழு" என்று பொய் சொன்னேன். வார்டு எட்டையும் சேர்த்தால் சைபர் எட்டு இரண்டு ஏழு. முழு லயமும் அதைத்தான் எடுத்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். நம்பர்க்காரன் எழுதி எழுதிக் கை வலிக்கிறது என்றானாம்.

சனிக்கிழமை அது வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. அதோடு ஆட்கள் வருவதும் நின்றது. திங்கட்கிழமை பார்வை நேரத்தில் அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது. விலா எலும்பு நெஞ்சுக்குள் குத்தியிருக்கிறது, வயதும் ஆகிவிட்டது, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இன்னைக்கு யாரும் வரலியா?" என்றார் அப்பா.

"மழைப்பா" என்றேன். வெளியே வெயில் கொளுத்தியது.

தலையைத் திருப்பிச் சுவர்ப் பக்கம் பார்த்தார். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். "ஏம்மா, இந்தக் கட்டிலுக்கு என்ன நம்பரு? படுத்த எடத்துலேருந்து எனக்குத் தெரிய மாட்டேங்குது."

அவர் கேட்டதில் நான் ஒன்றும் நினைக்கவில்லை. படுத்தே கிடக்கிற மனிதர், எதையாவது கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். துண்டைத் தூக்கிப் பார்த்து உள்ளதைச் சொன்னேன். வார்டு எட்டு, கட்டில் பதினாலு. அவர் உதட்டுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை விடியற்காலையில் அப்பா போய்விட்டார்.

வார்டில் சாமான்களை எடுக்கப் போனது நான்தான். கண்ணாடி, சீப்பு, சின்ன வேதப் புத்தகம். பக்கத்துக் கட்டிலில் காலுக்குக் கட்டுப் போட்ட சீனர் ஒருவர் இருந்தார். அவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு, தலையணைக்கு அடியிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். உன் அப்பா கேட்டார், என் மகன் கடையில் போய் எடுத்து வந்தான், சனிக்கிழமை குலுக்கல், பொண்டாட்டிக்கு வீடு வாங்க வேண்டும் என்று சொன்னார், என்று மலாயில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சீட்டில் சைபர் எட்டு ஒன்று நாலு.

வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். வாழ்நாளில் ஒரு தடவைகூட நம்பர் எடுக்காத மனிதர். பெரிதாக வந்தால்தான் முதல் பரிசு என்று நம்பர்க்காரன் சொன்னதை அவர் மறக்கவே இல்லை. லயத்தோடு சேர்ந்து அவரும் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எங்களுக்காக.

வெள்ளிக்கிழமை அடக்கம். கோயிலில் பலகை நேராகவே மாட்டியிருந்தது, ஜன்னலில் ஒரு தலையும் இல்லை. அப்பாவின் ராசி தீர்ந்துவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார்கள் போலும். அக்கா மட்டும் வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். அம்மா விலக்கவில்லை. சீட்டைப் பற்றி அம்மாவிடம் அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொன்னதில்லை. எல்லாரையும் வாய்க்கு வந்தபடி திட்டியவள் நான். அதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். கிழிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, அடக்கம் முடிந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, வீட்டில் துக்கம் விசாரிக்க ஆள் இருக்கும்போது, சீனி வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சீனர் கடைக்குப் போனேன். சனிக்கிழமை முடிவைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். முதல் பரிசைப் பார்த்தேன். இரண்டாவது, மூன்றாவது. பிறகு விரல் வைத்து ஆறுதல் பரிசு வரை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதுவும் இல்லை.

"சே" என்றேன்.

கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அது என் வாயிலிருந்துதான் வந்தது.