நான்காவது செட் பேட்

ஐந்து மாதத்தில் மூன்று செட். அதற்கு முந்தைய இருபத்திரண்டு வருடமும் இருபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு செட் என்றுதான் ஓடியது. ஐம்பத்தேழாவது வயதில் அவர் திடீரென்று பிரேக் பேடுகளைக் குறைசொல்ல ஆரம்பித்தார்.

எல்லோரும் அவரைத் தலைவண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான். பத்துப் பன்னிரண்டு பேரை அவரவர் பைக்கில் மலைக்கணவாய் வழியாக ஆறு நாள் கூட்டிப்போய், பத்திரமாகத் திரும்பக் கூட்டிவருவது அவர் தொழில். முதல் வண்டி அவருடையது. கடைசி வண்டி, மெக்கானிக்கும் மனைவியின் தம்பியுமான மைத்துனனுடையது. இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் தலைவண்டி பதினொரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். “பதினொரு வருஷம் அடுத்தவன் பிரேக் போட்டு நான் விழுந்தேன். போதும்டா சாமி” என்பார், ஏன் விட்டீர்கள் என்று யாராவது கேட்டால்.

பெட்டிகள் நிரம்பினால் அவர் பைக் முந்நூறு கிலோவைத் தாண்டும். இறக்கத்தில் அவ்வளவு பாரத்தையும் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் முன்சக்கர பிரேக்தான். அது வலது கை விரல்களில் இருக்கிறது. பின்சக்கரத்துடையது வலது காலில்.

ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு நாள் முன்பு, பட்டறை முற்றத்தில் சுண்ணாம்பால் இரண்டு கோடு போடுவார். இடையே பதினைந்து மீட்டர். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து முதல் கோட்டில் பிரேக் பிடித்து, இரண்டாவதைத் தொடாமல் நிற்க வேண்டும். தாண்டினால் பயணப் பட்டியலில் பெயரை அடித்துவிடுவார். கெஞ்சல், சிபாரிசு எதுவும் செல்லாது. பதினொரு வருடத்துக்கு முன்பு ஒரு பள்ளி ஆசிரியர், தேய்ந்த பேடோடு வந்து, நாலாவது வளைவில் தடுப்புக்கல்லைத் தாண்டிப் பள்ளத்தில் போனார். அவர் ஹெல்மெட்டை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தது தலைவண்டிதான். கதவைத் திறந்த பெண் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு, “செக் பண்ணிதானே கூட்டிட்டுப் போனீங்க?” என்று கேட்டாள். அடுத்த வாரம் கோடு வந்தது. அந்தக் கோட்டில் முதலில் நிறுத்திக் காட்டுவது எப்போதும் தலைவண்டிதான்.

இந்த முறை சோதனை சனிக்கிழமை. வியாழன் மதியம் அவர் உதிரிபாகக் கடையில் நின்றார். புதன்கிழமை ஆளில்லாத நேரத்தில் முற்றத்தில் தனியாக ஓட்டிப் பார்த்திருந்தார். பத்தொன்பது மீட்டர்.

“நல்லா கடிக்கிற பேடா குடும்மா. போன தடவை குடுத்தது சுத்த வேஸ்ட்டு” என்றார்.

கடைக்காரி கவுன்டரில் முழங்கையை ஊன்றினாள். “மொதல்ல நாரும் பிசினும் சேர்ந்த ஆர்கானிக் பேட் குடுத்தேன், மெத்துனு இருக்குன்னீங்க. அப்புறம் மெட்டல் பொடி கலந்தது. வழுக்குதுன்னீங்க. வேற கம்பெனி குடுத்தேன், அதுவும் வழுக்குது. என்னண்ணே, பேடுல எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்றீங்களா?”

“ரேஸ் பேட் இருக்குல்ல, அதைக் குடு.”

“அது சூடு ஏறினாத்தான் முழிக்கும். கணவாயில காலைல ஒறைஞ்சு கெடக்கும். மொத வளைவுல அது தூங்கிட்டு இருக்கும், நீங்க பள்ளத்துல இருப்பீங்க.”

“எனக்கே சொல்லித்தர்றியா?”

“உங்ககிட்ட கத்துக்கிட்டதுதாண்ணே.”

அவள் கீழே குனிந்து ஒரு தகர டப்பாவை எடுத்தாள். அவர் குறை சொல்லித் திருப்பிக் கொடுத்த முதல் இரண்டு செட் பேடுகளை, கம்பெனிக்கு அனுப்புவதற்காகச் சீட்டு கட்டி வைத்திருந்தாள். இரண்டு செட்டையும் கவுன்டரில் பரப்பி, அளவுகோலை வைத்தாள். ஒன்றிலும் அரை மில்லிமீட்டர்கூடத் தேயவில்லை. முகப்பு மட்டும் கண்ணாடி மாதிரி பளபளத்தது.

“அழுத்திப் பிடிச்சா பேட் தேயும். சும்மா தடவிட்டே போனாத்தான் இப்படி மினுங்கும்” என்றாள். “அதே அஞ்சு மாசத்துல உங்க வண்டி பின்சக்கரத்துக்கு உங்க மச்சினன் ரெண்டு செட் வாங்கிட்டுப் போயிருக்காரு. அது அப்பளமா தேஞ்சு போச்சாம்.”

அவர் ஒரு பேடை இடது கையால் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணே, முன்பிரேக்கை நீங்க பிடிக்கவே இல்ல.”

“பிடிக்கிறேன்.”

அவள் வலது கையை நீட்டினாள். “எங்க, பிடிங்க பாப்போம்.”

வாடிக்கையாளர் ஒருவர் பின்னால் செயின் ஸ்ப்ரேயோடு நின்றுகொண்டிருந்தார். தலைவண்டி சுற்றிலும் பார்த்துவிட்டு வலது கையால் அவள் விரல்களைப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அவள் கையில் அழுத்தமே தெரியவில்லை.

“இந்தக் கடைல பேட் இருக்கு, லிவர் இருக்கு, கேபிள் இருக்கு” என்றாள், குரலைத் தாழ்த்தி. “வெரல் இல்லண்ணே.”

“ஆர்கானிக்கே குடு” என்றார். “தொட்டதும் பிடிக்கிறது அதுதான்.” அவள் ரேஸ் பேட் பக்கமே போகாமல் ஆர்கானிக் செட்டை எடுத்துக் கொடுத்தாள். ரசீதைக்கூட வாங்காமல் போனார்.

பேட் மாற்ற அன்று சாயங்காலம் அவர் மைத்துனனைக் கூப்பிடவில்லை. வீட்டு வாசலிலேயே பைக்கை நிறுத்திக் குந்தினார். நாற்பது நிமிடம் கழித்து மனைவி வெளியே வந்தபோது முதல் போல்ட்டே கழன்றிருக்கவில்லை. ஸ்பேனர் இடது கையில் இருந்தது.

“எத்தனை நாளா இப்படி?” என்றாள்.

“போல்ட்டு துருப்பிடிச்சிருக்கு.”

“நான் போல்ட்டைக் கேக்கல.”

“குளிர் முடிஞ்சதுலேர்ந்து.”

“என்கிட்ட சொல்லணும்னு தோணல?”

“சொன்னா நீ ஆஸ்பத்திரிம்பே. அவங்க ஓட்டாதேம்பாங்க.”

அவள் ஸ்பேனரை வாங்கினாள். நாலு போல்ட்டையும் கழற்றி, அவர் சொல்லச்சொல்லப் புது பேடை வைத்து முடுக்கினாள். கை கழுவும்போது, “அந்த ஆசிரியர் வீட்டுக்குப் போயிட்டு வந்து ரெண்டு மாசம் நீங்க தூங்கல. நான் பார்த்துட்டேதானே இருந்தேன்” என்றாள்.

புது பேட், அது கவ்விப் பிடிக்கும் சக்கரத் தட்டான டிஸ்க்கோடு சேர்ந்து பழக வேண்டும். அதுவரை முழுசாகப் பிடிக்காது. வெள்ளிக்கிழமை ஊருக்கு வெளியே உள்ள கிடங்குச் சாலையில் அவர் முப்பது தடவை வேகம் எடுத்து, முப்பது தடவை பிரேக் பிடித்தார். கடைசிப் பத்தில் நடுவிரலும் மோதிரவிரலும் பிரேக் லிவரில் சும்மா இருந்தன, அவ்வளவுதான். பேட் நன்றாகப் பழகிவிட்டது.

சனிக்கிழமை காலை முற்றத்தில் ஒன்பது பேர், ஒன்பது பைக். ஒரு பல் டாக்டர், புதுசாகக் கல்யாணமான ஜோடி, இரண்டு அண்ணன் தம்பிகள், மற்றவர்கள். தலைவண்டி வழக்கம்போல ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தூரத்துக்குப் போய்த் திரும்பினார். ஐம்பது. முதல் கோடு. பின் டயர் கிறீச்சிட்டது. பைக் இரண்டாவது கோட்டைத் தாண்டி மூன்று மீட்டர் போய் நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. பல் டாக்டர்தான் முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்து ஒரு சாக்கு எடுத்துக் கொடுத்தார். “புது பேடுதானே சார்? இன்னும் பழகியிருக்காது.”

நல்ல காரணம். எல்லோரும் நம்பும் காரணம். மைத்துனன் தரையைப் பார்த்தான்.

தலைவண்டி ஹெல்மெட்டைக் கழற்ற நேரம் எடுத்துக்கொண்டார். வார் இடது கையால்தான் அவிழ்ந்தது.

“நேத்தே பழக்கியாச்சு” என்றார். பிறகு மைத்துனன் பக்கம் திரும்பி, “மச்சான், இதை நீ ஓட்டு.”

“மாமா, வேணாம்.”

“ஓட்டுடா.”

மைத்துனன் ஓட்டினான். அதே பைக், அதே பேட். பதின்மூன்று மீட்டரில் முன்பக்கம் அமுங்கி, சத்தமில்லாமல் நின்றது.

தலைவண்டி பெயர்ப்பட்டியலைக் கையில் எடுத்தார். முதல் வரியில் இருந்த பெயரின்மேல் இடது கையால் கோணலாக ஒரு கோடு இழுத்தார். “அடுத்தது யாரு? வாங்க, வெயில் ஏறுது” என்றார். மற்ற ஒன்பது பேரும் கோட்டுக்குள் நின்றார்கள்.

குழு திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பியது. முன்னால் மைத்துனன் போனான். கடைசி வண்டிக்குச் சம்பளத்துக்கு ஒருவரைப் பிடித்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நரம்பு மருத்துவமனையில் அவருடைய வலது கைக்குப் பரிசோதனை. மனைவி லீவு போட்டிருக்கிறாள். இரண்டு பேரும் பஸ்ஸில் போகிறார்கள்.