சாக்கு மகள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மன்னிக்கவும். ஐந்தாவது வரைதான் படிப்பு. மறதியும் வந்துவிட்டது, முன்னே நடந்ததைப் பின்னே எழுதியிருப்பேன். எங்கள் ஹோமை மூடுகிறார்கள். இங்கேயே வளர்ந்தவர்கள் யாராவது பழையதை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். பேனா பிடிக்க வேறு யாரும் மிச்சமில்லை, அதனால் நான்.

ஹோம் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கிறது. நான் வந்த காலத்தில் வாசல் போர்டில் அநாதை ஆசிரமம் என்று இருந்தது. பிறகு குழந்தைகள் இல்லம் ஆச்சு. பிறகு குழந்தைகள் என்பதையும் அழித்து இல்லம் என்று மட்டும் விட்டார்கள். போக இடமில்லாத குழந்தைகள் எல்லாம் அங்கேயே நரைத்துப் போயிருந்தோம். போர்டு மாற்றுகிற அன்று பாயசம் உண்டு.

இப்போது பிள்ளைகளை இந்த மாதிரி பெரிய ஹோமில் வைக்கக் கூடாது, குடும்பத்தில்தான் வளர வேண்டும் என்கிறார்களாம். கடைசிப் பிள்ளைகளையும் அனுப்பியாச்சு. மீதி நானும் ஜன்னலும்.

ஜன்னல் என்பது ஆள். கட்டில் எங்கே கிடக்கிறதோ அதுதான் எங்களுக்குள் பேர். அவள் கட்டில் ஜன்னலோரம், என்னுடையது கதவோரம். நான் கதவு. அவள் என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவள். சின்னதிலிருந்தே நடக்க வராது, சோறு ஊட்ட வேண்டும். பேச்சும் "தவு" என்கிற ஒன்றுதான். அது நான்.

எங்களை இரண்டு இடத்துக்குப் போட்டிருந்தார்கள். அவளை ஊருக்கு வெளியே, படுக்கையில் கிடக்கிறவர்களுக்கான இடத்துக்கு. என்னைத் தொம்மலூரில் ஒரு வாடகை வீட்டுக்கு, நாலு பேராக இருக்க. சொன்னபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மிச்சத்தையும் உரித்தேன்.

வீடு என்று ஒன்று எனக்கு முன்னாலும் ஒரு தடவை வந்தது. அதை எழுதுகிறேன்.

ஆறோ ஏழோ வயது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபம் முடிந்த பிறகு ஒரு கன்னடக்காரப் புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். எங்களை வரிசையாக நிற்க வைத்தார்கள். அந்தம்மா என் எதிரில் குந்தி உட்கார்ந்து, கன்னத்தைத் தொட்டு, புருஷனைப் பார்த்து, "நம்ம சாக்கு மகளு" என்றாள்.

எங்கள் ஹோமில் அப்போது எல்லாம் தமிழ்தான், கன்னடம் எனக்குத் தெரியாது. ராத்திரி யாராவது அழுதால் எங்கள் ஆயா, "வாய மூடு, சாக்குக்காரன் வந்து சாக்குல போட்டுக் கட்டிக்கிட்டுப் போயிடுவான்" என்பாள். அந்தம்மா தோளில் பெரிய பை வேறு தொங்கியது. ஓடிப்போய் ஜன்னலின் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டேன். காலைப் பிடித்து இழுத்தார்கள். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டேன். கட்டில் ஆட ஆட மேலே கிடந்தவள் கெக்கெக்கே என்று சிரித்தாள்.

அவர்கள் வேறொரு பெண்ணைக் கூட்டிப் போனார்கள்.

சாயந்திரம் ஆயா என் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே சொன்னாள். "ஏண்டி, கன்னடத்துல சாக்கறதுன்னா வளக்கறதுடி. உன்ன வளப்பு மகளா கூட்டிக்கிட்டுப் போக வந்தாங்க. வீட்டுல ரேடியோ இருக்காம். உனக்குக் கோணிதான் கண்ணுல பட்டுச்சா?"

அப்புறம் அரிசி மூட்டை வந்து இறங்கும்போதெல்லாம் பிள்ளைகள், "ஏ கதவு, உங்கம்மா வந்திருக்கா பாரு" என்பார்கள். நானும் கூடச் சிரிப்பேன். வேறு யாரும் என்னைக் கேட்டு வரவில்லை. பிறகு அடுப்படியில் விட்டார்கள். ஜன்னலுக்கு ஊட்டுவதும் துடைப்பதும் என்னிடம் வந்தது. யாரும் சொல்லி வரவில்லை, வந்துவிட்டது.

போன மாதம் எங்களை இடம் மாற்றுகிற ஆபீசிலிருந்து ஒரு சின்னப் பெண் வந்தாள், கன்னடப் பெண். நான் ஜன்னலுக்கு ரசஞ்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அஜ்ஜி, இவரன்ன யாரு சாக்கித்து?"

பாட்டி, இவங்களை யார் வளர்த்தது என்று கேட்கிறாள். எனக்குக் கன்னடம் இப்போது நன்றாகவே வரும். ஆனாலும் முதலில் மூட்டைதான் கண்ணில் வந்தது.

"நானே" என்றேன். அது இரண்டு பாஷையிலும் ஒன்றுதான்.

"நீங்க இங்க ஸ்டாஃபா?"

"இல்லம்மா. கதவு."

அவளுக்குப் புரியவில்லை. கட்டிலில் இருந்தவள் "தவு, தவு" என்று வாயைத் திறந்தாள், அடுத்த கவளத்துக்கு. அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒருத்தர சாக்கினவங்ககிட்டருந்து பிரிச்சு எப்படி அனுப்பறது, நான் மேலே பேசறேன் அஜ்ஜி" என்று பாதி தமிழில் சொல்லிவிட்டுப் போனாள்.

பேசியிருக்கிறாள். இரண்டு பேரும் தொம்மலூருக்குத்தான். நாளைக்கு வேன் வருகிறது. சந்தோஷமா அஜ்ஜி என்று போனில் கேட்டாள். ஆமாம் என்றேன். உள்ளே ஒன்றும் அசையவில்லை. அந்த வீட்டில் எங்களுக்கு விட்ட அறையில் ஜன்னலும் கதவும் ஒரே பக்கமாம். கட்டிலை எப்படிப் போடுவது என்று மட்டும் யோசித்தேன்.

இதைப் படிக்கிறவர்கள் ஒன்று செய்ய வேண்டும். அந்தம்மா அன்றைக்கு அந்த வார்த்தையைத்தான் சொன்னாளா, இல்லை ஆயா சொன்னதைக் கேட்டு நானே வைத்துக்கொண்டேனா, இப்போது எனக்கு நிச்சயமில்லை. அன்றைக்கு என் பக்கத்தில் நின்று, அவர்களோடு போன பெண் உயிரோடு இருந்தால் அவளுக்குத் தெரியும். யாராவது கேட்டுச் சரிபார்க்கவும். தப்பாக இருந்தால் அந்த வார்த்தையை அடித்துவிடலாம்.