முட்டை பொரியும் என்று எனக்கும்தான் தெரியும்

கிரேன் வயரில் பூசுகிற கிரீஸ் வாசனை, எந்தச் சோப்பு போட்டாலும் விரலிடுக்கை விட்டுப் போகாது. அந்தக் கையால் பாப்கார்ன் அள்ளி வாயில் போட்டால், பாப்கார்னும் கிரேன் மாதிரிதான் ருசிக்கும்...

சிங்கப்பூர் ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் நான் ரிக்கராக இருந்த காலம். கிரேன் தூக்குகிற பாரத்துக்கு வயர் கட்டி, கொக்கி மாட்டிவிடுகிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் டார்மிட்டரி ரூமிலிருந்து ஐந்து பேர் சட்டையை இன் பண்ணிக்கொண்டு இங்கிலீஷ் படத்துக்குக் கிளம்பினோம். கடலிலிருந்து ஒரு பிராணி எழும்பி வந்து ஊரை நொறுக்கும். கார்களைப் பொட்டுக்கடலை மாதிரி மெல்லும்.

ஐந்து பேரில் ஒருவனுக்கும் இங்கிலீஷ் தெரியாது. எனக்குத் தெரிந்தது "யெஸ் பாஸ்", "கேன் பாஸ்", "ஸ்லோலி ஸ்லோலி". படத்தில் ஒருவரும் இதைப் பேசவில்லை.

எங்களோடு வந்த செல்வராஜுக்கும் தெரியாதுதான். ஆனால் அவனுக்குத் தைரியம் இருந்தது.

ராணுவ ஜெனரல் மேசையைத் தட்டிக் கத்தினார்.

"என்னடா சொல்றான்?"

"சண்டே வேலைக்கு வரச் சொல்றான். ஒருத்தனும் வரமாட்டேங்கிறான்."

ஹீரோயின் ஏர்போர்ட்டில் நின்று அழுதாள்.

"இவளுக்கு என்னடா?"

"வொர்க் பெர்மிட் கேன்சல் ஆயிடுச்சாம். பாவம்."

எங்கள் வரிசையே உச்சுக்கொட்டியது.

பிறகு துறைமுகத்தில் ஒரு சீன். கிரேனில் கண்டெய்னர் தொங்குகிறது. அதற்கு நேர் கீழே, தலையில் ஹெல்மெட் கூட இல்லாமல் நின்றுகொண்டு ஹீரோ காதலைச் சொல்கிறான். ஐந்து பேரும் எழுந்துவிட்டோம். "டேய், தள்ளி நில்லுடா." பிராணியைப் பார்த்துக்கூட நாங்கள் அப்படிப் பயப்படவில்லை.

கடைசியில் கடலடியில் ஒரு முட்டை லேசாக அசைந்தது. லைட் போட்டுவிட்டார்கள்.

அந்த முட்டை பொரிந்து இரண்டாம் பாகம் வர இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அதற்குள் நான் கோர்ஸ் பரீட்சை எழுதி, ஃபெயிலாகி, மறுபடி எழுதி சூப்பர்வைசர் ஆனேன். கல்யாணம் ஆனது, செங்காங்கில் வீடு வந்தது. மகள் தாரணிக்கு இப்போது யுனிவர்சிட்டியில் இடம் கிடைத்து, கிளமெண்டி பக்கம் ஹாஸ்டலுக்குப் போகப் போகிறாள். போவதற்குள் அவளோடு இந்த ஒரு படத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

"ப்ரிடிக்டபிள் லா அப்பா," என்றாள், போனிலிருந்து தலையைத் தூக்காமல். "முட்டை பொரியும், குட்டி வரும், அம்மா தேடி வரும், சிட்டி காலி. ரிவ்யூ எல்லாம் படிச்சிட்டேன்."

எனக்கு வந்ததே கோபம். முட்டை பொரியாமல், ஆம்லெட்டா போடுவான்? எனக்கும்தான் தெரியும். இட்லிக்கடையில் இட்லி வரும் என்றும்தான் தெரியும். அதற்காகச் சாப்பிடாமலா வருகிறோம்?

அவள் அம்மா முறைத்ததால் வந்தாள். வந்தும் சும்மா இருக்கவில்லை.

"இந்த அங்கிள் இப்போ சாவாரு பாருங்க." செத்தார்.

"இப்போ கரண்ட் போகும்." போனது.

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் கடல் சுவர் மாதிரி எழுந்து நின்றபோது, அந்த அம்மா பிராணி வாலால் ஒரு தட்டு தட்டிப் பாலத்தை நூடுல்ஸ் ஆக்கியபோது... கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "அப்பா, வாயை மூடுங்க," என்றாள் தாரணி. நான் பேசவில்லை. வாய்தான் திறந்திருந்தது.

அப்போது வந்தான் அந்தப் பாவி. அதே ஹீரோ, தலை நரைத்திருக்கிறான், புத்தி வரவில்லை. கிரேனில் நீர்மூழ்கிக் கப்பல் தொங்குகிறது, அதற்கு நேர் கீழே நின்று வசனம் பேசுகிறான்.

"டேய், லோடுக்குக் கீழ நிக்காதடா!"

ஹால் முழுக்கத் திரும்பியது. தாரணி சீட்டுக்குள் புதைந்துபோனாள்.

படம் முடிந்து தேக்காவில் டீக்கடைக்கு வரும்வரை அவள் என்னை விட்டு நாலடி முன்னாலேயே நடந்தாள். உட்கார்ந்ததும் சொன்னாள். "இனிமே உங்களோட படத்துக்கு வரவே மாட்டேன்."

அவ்வளவுதான். இத்தனை நேரம் அடக்கி வைத்ததெல்லாம் வெடித்துவிட்டது.

"வராத. ஆனா ப்ரிடிக்டபிள்னு மட்டும் சொல்லாத. கதை எப்படிப் போகும்னு முன்னாடியே தெரிஞ்சதாலதான், இங்கிலீஷ் தெரியாத எங்க அஞ்சு பேருக்கும் அன்னைக்கு முதல் படம் புரிஞ்சுது. அதுல வர்ற பெரியவர் சாவாருன்னு தெரிஞ்சதாலதான் நேரத்துக்கு அழுதோம். யாருக்கும் தெரியாத கதையா இருந்திருந்தா, பாதியிலயே எழுந்து வந்து பஸ் ஸ்டாப்புல உக்காந்திருப்போம். உனக்குப் பொறந்ததுலேருந்து இங்கிலீஷ் தெரியும், அதனால சலிக்குது."

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தாரணி டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள்.

"ஒண்ணுமே புரியாமயா முழுப் படமும் பாத்தீங்க?"

"கூட வந்த செல்வராஜ் சொன்னான்ல." ஜெனரல் சண்டே வேலைக்குக் கூப்பிட்டதைச் சொன்னேன்.

"நிஜமா அவர் என்னதான்பா சொன்னாரு?"

"அப்புறம் டிவியில பாத்தேன். ஊரைக் காலி பண்ணச் சொல்லியிருக்கார். செல்வராஜ் சொன்னதுதான் நல்லாயிருந்துச்சு."

டீ அவள் மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்து, "ஹீரோயினுக்கு?" என்றாள். பெர்மிட்டையும் சொன்னேன். மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள்.

இப்போது எனக்கு வசனம் முக்கால்வாசி புரிகிறது. புரிந்த பிறகுதான் தெரிகிறது, அவர்கள் பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. அன்றைக்கு ஒன்றும் புரியாமல் ஒரு வரிசை முழுக்கப் பேசிக்கொண்டே பார்த்தோம். இன்றைக்கு எல்லாம் புரிந்த ஒரு ஹால் ஜனம், பக்கத்துச் சீட்டில் இருப்பவனிடம் "என்னடா சொல்றான்?" என்று கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறது...

இனிமேல் வரமாட்டேன் என்று சொன்னதை தாரணி இன்னும் வாபஸ் வாங்கவில்லை. நானும் கோபத்தை வாபஸ் வாங்கவில்லை. வரும் ஞாயிறு நான்தான் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளோடு கிளமெண்டி ஹாஸ்டலுக்குப் போக வேண்டும். செங்காங்கிலிருந்து ரயில் ரொம்ப நேரம் போகும். வழி முழுக்கத் திட்டிக்கொண்டே போவதாக இருக்கிறேன்.